தங்கையை மடத்தில் சேர்க்காதே என்ற மகனுக்கு

கண்ணு,

நீ பேசியது நாலு சுவருக்குள் இல்லை. உன் பெரியப்பா பேத்தியின் காதுகுத்து விருந்தில், பந்தியில் இலை போட்டு ஒறம்பரைச் சனமெல்லாம் உட்கார்ந்திருக்கும்போது பேசினாய். அதனால் நானும் இந்தக் கடிதத்தை ஒட்டி மூடி அனுப்பப் போவதில்லை. யார் படிக்க ஆசைப்பட்டாலும் படிக்கட்டும். உன் மனைவி படிக்கட்டும், அவள் வீட்டார் படிக்கட்டும், நீ வேலை பார்க்கும் பேங்கில் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தால் அவரும் படிக்கட்டும். சபையில் கேட்டதற்குச் சபையில் பதில் சொல்வதுதான் மரியாதை. உன் அப்பா எழுதமாட்டார் என்பது உனக்கே தெரியும். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். வாரப் பத்திரிகையைப் படித்துப் படித்து எழுத்துக் கூட்டத் தெரிந்து வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள். நீதான் இங்கிலீஷில் பாஸ் பண்ணினவன் ஆயிற்றே.

அன்றைக்கு நடந்ததை நீ உனக்குத் தோதாகக் கத்தரித்துச் சொல்லித் திரிவதாகக் கேள்வி. அதனால் நடந்ததை நடந்தபடி முதலில் எழுதிவிடுகிறேன். உன் தங்கை சரசு இங்கே சிஸ்டர்மார் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது பாஸ் பண்ணிவிட்டாள். பாலக்காட்டில் சிஸ்டர்மார் நடத்துகிற காலேஜில் பிரீடிகிரி படிக்க அவளுக்கு இடம் கிடைத்தது. மடத்து ஹாஸ்டலிலேயே தங்கவும் இடம் கிடைத்தது. நீயோ உன் மனைவிக்கு அண்ணன் முறையாகிற பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரருக்கு அவளைக் கட்டிக் கொடுப்பதென்று மனதுக்குள்ளேயே முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்திருந்தாய். ஆனி முடிவதற்குள் நிச்சயம், ஆடி கழியட்டும், ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். இத்தனையும் நீயே போட்ட கணக்கு. பெற்றவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மாப்பிள்ளையின் அத்தையையும் காதுகுத்துக்கு வரவழைத்திருந்தாய். சரசு பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தபோது அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, "ஏனம்முணி, நல்லாச் சமைப்பயா?" என்று கேட்டார்கள். சரசு வாளியைக் கீழே வைத்துவிட்டு, "சமைப்பனுங்க. ஆனா இப்பப் படிக்கப் போறனுங்க. படிச்சு முடிச்சதுக்கப்பறம் வந்து கேளுங்க" என்றாள். சிரித்த முகமாகத்தான் சொன்னாள். அந்த அம்மாளுக்கே கோபம் வரவில்லை. சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

கோபம் உனக்குத்தான் வந்தது. "இதென்ன பேச்சு? இதுதான் மடத்துல சொல்லிக் குடுத்தாங்களா?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினாய். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, இன்னொருக்கா இவள அந்த மடத்துப் படி ஏத்துனீங்கன்னா நான் இந்த ஊட்டுப் படி ஏற மாட்டேன். அவளுக்கும் முக்காடு போட்டு சிஸ்டராக்கி உட்டுருவாங்க. அப்பறம் குத்துதே கொடையுதேன்னு எங்கிட்ட வரக்கூடாது" என்றாய். பாதி சாப்பிட்ட இலையை மூடாமல் எழுந்து, கோவிந்தாபுரம் வழியாகப் போகிற பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாய். உன் அப்பா வாய் திறக்கவில்லை. ரசத்துக்குக் குழி பறித்த சோற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவர் பேசாததை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். முப்பது வருஷம் கூடக் குடித்தனம் பண்ணின எனக்கே அவர் மௌனத்துக்கு அர்த்தம் சொல்லத் தெரியாது. உனக்கு எப்படித் தெரிந்ததோ.

இப்போது என் முறை. எனக்கு ஆத்திரம் எதிலென்றால், இதை ஊரில் வேறு யார் சொல்லியிருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பேன். மடத்துப் பள்ளிக்கூடத்துக் கேட்டையே பார்க்காதவன் ஆயிரம் பேசுவான். நீ ஏழு வருஷம் பாதிரி அச்சன்மார் பள்ளிக்கூடத்தில் படித்து, அவர்கள் ஹாஸ்டலில் அவர்கள் சோற்றைத் தின்று வளர்ந்தவன். ஆறு வருஷத்தில் முடிக்க வேண்டியதை ஏழாக இழுத்தாய், அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். உனக்கு ஆகாத எதை அவர்கள் செய்துவிட்டார்கள்? ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். அடுத்து ஏறக் காலெடுத்து வைத்த கூடப் பிறந்தவள் தலையில் அந்த ஏணி விழும்படி உதைக்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன்.

அங்கே போவதற்கு முன்னால் நீ எப்படி இருந்தாய் என்பது உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. ஒன்பது வயதில் உனக்குச் செருப்பைத் திருப்பி வைக்கவும் ஓர் ஆள் வேண்டும். களத்தில் வேலை செய்கிற தாத்தா வயது ஆட்களெல்லாம் முதலாளி வீட்டுப் பிள்ளை என்று உன்னை "வாங்க பண்ணாடி, போங்க பண்ணாடி" என்பார்கள். நீ அவர்களை "வாடா" என்பாய். நான் அதட்டினால் உன் பெரியப்பா, "பண்ணாடிப் பையன் பின்னெ எப்படிப் பேசுவான்?" என்று எனக்கே திருப்பிக் கொடுப்பார். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும் உன்னை அடிக்கமாட்டார். நம் வயலில் பாதி அவர் குத்தகைக்கு எடுத்திருந்தது. நாலாவது வகுப்பில் நீ மூன்றாம் வாய்ப்பாட்டில் திணறினாய். அதற்கும் அவர் "நல்ல பையனுங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் உன் அப்பா ஒரு நாள் காலையில் எழுந்து யாரையும் கேட்காமல் பாலக்காடு போய், அச்சன்மார் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டுவிட்டு வந்தார். நான் அழுதேன். உன் பெரியப்பா ஒரு மாதம் நம் வீட்டில் காப்பித் தண்ணி குடிக்கவில்லை.

முதல் விடுமுறைக்கு நீ வந்தது நினைவிருக்கிறதா? மத்தியானம் சாப்பிட்டு முடித்தாய். எழுந்தாய். உன் தட்டை நீயே எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்ச் சாம்பல் போட்டு விளக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாய். வீட்டில் இழவு விழுந்ததுபோல் எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். நம் வீட்டு ஆண்பிள்ளை எவனும் அதுவரைக்கும் தட்டைத் தொட்டதில்லை. சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போவார்கள், அதை நாங்கள் எடுப்போம், அதுதான் வழக்கம். உன் பெரியப்பா, "பாத்திரம் வெளக்கறதுக்கா இத்தன காசக் கொட்டி அனுப்புனீங்க?" என்று சிரித்தார். நீ, "அங்க எல்லாரும் அவுங்கவுங்க தட்ட அவுங்கவுங்களேதானுங்க வெளக்கணும். அச்சனும் வெளக்குவாருங்க" என்றாய். சாதாரணமாகச் சொன்னாய், பெரிய தர்மத்தைச் சொல்கிற தோரணையே இல்லை. நான் சமையலறைக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அழுதேனா சிரித்தேனா என்று கேட்காதே. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து என் மனசு அவ்வளவு குளிர்ந்ததில்லை.

சரி, மதம் என்கிறாயே, அதற்கு வருகிறேன். அதே விடுமுறையில் மாரியம்மன் நோன்புச் சாப்பாட்டில் நீ இலையின் முன் உட்கார்ந்து நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் தொட்டுச் சிலுவை போட்டாய். பெரியப்பா துள்ளிக் குதித்தார். "போச்சு, புள்ள போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏன் சாமி அப்படிப் பண்ணுனே?" என்றேன். நீ திருதிருவென்று முழித்துவிட்டு, "அப்படிப் பண்ணுனாத்தானுங்கம்மா அங்க சோறு போடுவாங்க" என்றாய். நான் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த பாயசம் கொட்டிப்போனது. உன் அப்பா பயந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய் அச்சனிடம் கேட்டார். நம் பிள்ளைகளுக்கு அது கட்டாயமில்லை என்றும், அவர்கள் வேதபாடம் படிக்கிற நேரத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு நன்னெறிப் பாடம்தான் என்றும், பக்கத்தில் இருக்கிறவனைப் பார்த்து நீயாகச் செய்வதாகவும் அவர் சொல்லி அனுப்பினார். அதோடு சரி. இன்றைக்கும் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறாய், ஆடிக்கு அம்மனுக்குக் கூழ் ஊற்றப் பணம் அனுப்புகிறாய். கண்ணு, ஏழு வருஷம் வைத்திருந்தும் உன்னைக் கத்தரிக்காய் தின்ன வைக்க அவர்களால் முடியவில்லை. மதம் மாற்றியிருப்பார்களாம்!

இப்போது அந்த ஏழாவது வருஷத்துக் கதை. எட்டாவதில் உனக்குக் கணக்கு ஏறவில்லை. பரீட்சைக்கு முன்னால் உன் அப்பா இந்த ஊர்க்காரர் செய்கிற தப்பைச் செய்தார். தோட்டத்தில் முற்றின செவ்வாழைத் தார்கள், இளநீர், ஒரு மூட்டை புது அரிசி எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் ஏற்றி அச்சனுக்கு அனுப்பினார். கோயிலுக்குக் காணிக்கை போட்டால் சாமி பார்த்துக்கொள்ளும், வாத்தியாருக்குத் தார் அனுப்பினால் வாத்தியார் பார்த்துக்கொள்வார், நமக்குத் தெரிந்த உலக நடப்பு இதுதான். வண்டி போனது, காலியாகத் திரும்பி வந்தது, அப்பாவும் மீசையைத் தடவிக்கொண்டார். ரிசல்ட் வந்தபோது நீ ஃபெயில். நம் களத்தில் நெல் தூற்றுகிற மாரப்பன் மகன், உன் பக்கத்துப் பெஞ்சுக்காரன், பாஸ். உன் அப்பா அடுத்த பஸ்ஸிலேயே போய் நின்றார். அச்சன் நாற்காலி போட்டு உட்கார வைத்து, தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னாராம்: "பழம் நல்லா இருந்தது. குட்டிகள், பிள்ளைகள் எல்லாம் தின்னு. கணக்கு வேறே, பழம் வேறே."

அப்பா வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொன்னபோது அவமானத்தில் முகம் கறுத்துப் போயிருந்தது. உன்னை அங்கிருந்து நிறுத்திவிடப் போகிறார் என்றே நினைத்தேன். இரண்டு நாள் வயல் வரப்பிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "இந்தக் கொல்லங்கோட்டுப் பக்கத்துல எம்மவன ஃபெயிலாக்க ஒருத்தனுக்காச்சும் தைரியம் இருக்குதா? அங்கியே படிக்கட்டும்" என்றார். நீ அங்கேயே படித்தாய். அடுத்த வருஷம் முழுக்க சாயங்காலப் படிப்பு நேரத்தில் அந்த மாரப்பன் மகனே உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தான், ஹாஸ்டலில் அதுதான் ஒழுங்கு, தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லித் தர வேண்டும். அவனை நீ அதற்கப்புறம் "டா" போட்டுக் கூப்பிட்டதில்லை. இன்றைக்கு நீ பேங்கில் உட்கார்ந்து கூட்டிக் கழிக்கிறாயே, அந்தக் கணக்கு ஃபெயிலாகி வந்த கணக்கு. நம் பேருக்காகப் பாஸ் போட்டிருந்தால் நீ இன்றைக்கு வரப்பில் குடை பிடித்துக்கொண்டு, யாரை அதட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது உன் அப்பா இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிற கதை. நிலச் சட்டம் வந்த புதிதில் வில்லேஜ் ஆபீசிலிருந்து நமக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. நாம் இருப்பது கேரளத்து எல்லைக்குள் ஆயிற்றே, எல்லாம் மலையாளம். பேசினால் புரியும், எழுத்தென்றால் நமக்கு எறும்பு ஊர்ந்த மாதிரிதான். அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்பார். நாளெ வா என்பார்கள். மறுநாள் போவார். மறுபடியும் நாளெ வா. எத்தனை நடை நடந்தாரோ. நீ விடுமுறைக்கு வந்திருந்தவன் ஒரு நாள் கூடப் போனாய். கிளார்க்கு வழக்கம்போல நாளெ வா என்றதும் நீ மேசைக்கு நேராக நின்று, "ஸாரே, நாளெ எந்து மாறும்?" என்று கேட்டாயாம். நாளைக்கு வந்தால் மட்டும் என்ன மாறிவிடப் போகிறது என்ற கேள்வி. குரலை உயர்த்தவில்லை, கையைக் கட்டவுமில்லை. கிளார்க்கு உன்னை ஏற இறங்கப் பார்த்து, எங்கே படிக்கிறாய் என்று கேட்டுவிட்டு, கட்டை அவிழ்த்துக் காகிதத்தை எடுத்தாராம். அன்றைக்கு உன் அப்பா ஆபீசுக்கு எதிர்க் கடையில் உனக்கு நெய்த்தோசை வாங்கிக் கொடுத்து, நீ சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். வீட்டுக்கு வந்து, "நான் நாப்பது வருசமாக் கேக்காத கேள்விய இவன் கேட்டுப்போட்டான்" என்றார்.

இத்தனைக்கும் அங்கே எல்லாம் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ் பேசினால் அபராதம் போட்டார்கள், அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பெற்ற தாயோடு பேசுகிற பாஷைக்குக் குற்றக் காசா? ஹாஸ்டல் குழம்பில் புளியும் இல்லை, உப்பும் இல்லை. பிரம்படி வாங்கின தழும்பை உன் முழங்காலில் பார்த்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நம் சாமிகளைக் கல் என்று ஒருவர் வகுப்பில் இளக்காரமாகச் சொன்னதாக வந்து அழுதாயே, "அவர் சொல்றப்போ நீ செவுத்தப் பாரு, பல்லிக எத்தனைன்னு எண்ணு" என்று சொல்லி அனுப்பினேன். குறையே இல்லாத இடம் இருந்தால் சொல், எல்லோரும் அங்கேயே குடியேறிவிடலாம். குறையைப் பிடிக்கிற வேலை உனக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்காதே. பெண்பிள்ளையை ஓரிடத்தில் விடுகிறவள் உன்னைவிட நூறு மடங்கு கண்ணை விரித்துத்தான் பார்ப்பாள்.

சரசுவைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? நீ வேலைக்குப் போன பிறகு வளர்ந்தவள் அவள். எழுப்பினால் எழமாட்டாள், ஜடையைப் பின்னி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். எமர்ஜென்சி சமயத்தில் பஸ்ஸெல்லாம் நேரத்துக்கு வந்தது, அவளுக்குத்தான் அது பெரிய கஷ்டமாகப் போனது. ஒன்பதாவதில், தினம் நேரங்கழித்து வருகிறவள் என்பதற்காகவே இங்கே உள்ள மடத்துப் பள்ளிக்கூடத்து சிஸ்டர் அவளுக்கு ஒரு தண்டனை கொடுத்தார்கள். அடிக்கவில்லை. பள்ளிக்கூடத்து மணி அடிக்கிற வேலையை அவளிடம் கொடுத்துவிட்டார்கள். இவள் வராவிட்டால் மணி இல்லை, மணி இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் இல்லை. முதல் வாரம் அழுதுகொண்டு ஓடினாள். அப்புறம் கோழிக்கு முன்னால் எழுந்திருக்க ஆரம்பித்தாள். அவள் கையை அசைத்தால்தான் இருநூறு முந்நூறு பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள், உட்காருகிறார்கள், வீட்டுக்குப் போகிறார்கள். நம் வீட்டில் அவள் சொல்லி ஒரு பூனையாவது எழுந்து போயிருக்குமா? ஒரு நாள் காய்ச்சலோடு கிளம்பினாள். நான் போகாதே என்று தடுத்தேன். "நான் போகாட்டி யாரும்மா மணி அடிப்பா?" என்றாள். அன்றைக்குத்தான் இவள் இனிமேல் என் முந்தானைக்குள் அடங்கமாட்டாள் என்று புரிந்தது. எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அவளுக்குக் கணக்கு டீச்சராக வேண்டுமென்று ஆசை. உன்னைப் போல இல்லை, அவளுக்குக் கணக்கு தானாக வரும்.

அதனால் உன் கோபத்துக்கு மதம் காரணமில்லை கண்ணு. நான் உன்னைப் பெற்றவள், எனக்குத் தெரியும். வில்லேஜ் ஆபீசில் நீ நிமிர்ந்து நின்று கேட்டாய், நெய்த்தோசை வாங்கிக் கொடுத்தோம். காதுகுத்தில் அவள் நிமிர்ந்து நின்று பதில் சொன்னாள், வாய்த்துடுக்கு என்கிறாய். ரெண்டும் ஒரே வகைப் பள்ளிக்கூடத்துச் சரக்குதானே? நம்முடைய ஆண்பிள்ளை வெளியே போய்க் கேள்வி கேட்டால் இனிக்கிறது, நம்முடைய பெண்பிள்ளை பந்தியில் நின்று பதில் சொன்னால் கசக்கிறது. இதைக்கூடச் சகித்துக்கொள்வேன். போன தை மாதம் கோயமுத்தூரில் உன் வீட்டுக்கு வந்திருந்தபோது பார்த்தேனே, சாப்பிட்டு முடித்துத் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனாய். மருமகள் வந்து எடுத்தாள். அவளை நான் குறை சொல்லவில்லை, அந்தப் பிள்ளை பாவம். எனக்கு அந்த எச்சில் தண்ணீரைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. உன் பெரியப்பாவைப் போல ஆகிவிடக் கூடாது என்றுதானடா உன்னை அழ அழக் கொண்டுபோய் விட்டோம். ஏழு வருஷம் படித்ததை ஒரு தட்டுத் தண்ணீரில் கழுவி ஊற்றிவிட்டாய். அந்த நேரத்தில் வாயைத் திறந்து கேட்டிருக்க வேண்டும். விருந்துக்கு வந்த இடம் என்று பேசாமல் வந்துவிட்டேன்.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். நீ போனதிலிருந்து, அடுக்கி வைத்த டிரங்குப் பெட்டியைச் சரசு திறந்துகூடப் பார்க்கவில்லை. "அண்ணன் ஊட்டுக்கே வராதுன்னா எனக்குப் படிப்பு வேண்டாமுங்கம்மா" என்று ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான். ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அவள். உன்னை விட்டுக்கொடுக்க என்னால் முடியுமா? தலைச்சன் பிள்ளை நீ. நேற்றுதான் காலேஜ் சேர்க்கைக்குக் கடைசி நாள். விடிந்தும் விடியாமலும் மழை பிடித்துக்கொண்டது. தென்மலை கண்ணுக்கே தெரியவில்லை. போகிறதா வேண்டாமா என்று நானும் அவளும் வாசலில் ஆளுக்கொரு பக்கம் நின்றிருந்தோம். உன் அப்பா உள்ளேயிருந்து வேட்டி மாற்றிக்கொண்டு வந்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. என்ன நின்னுட்டிருக்கறீங்க?" என்றார். காதுகுத்திலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். சரசுவின் டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அவரே முன்னால் நடந்தார். பஸ் ஸ்டாண்டில் மாரப்பன் ஓடிவந்து, "ஏனுங்க, நீங்க தூக்கறீங்க? குடுங்க இங்க" என்று கையை நீட்டினான். "எம்புள்ள பொட்டி மாரப்பா, நானே தூக்கறன்" என்று சொல்லிவிட்டார். பஸ்ஸுக்குள் ஏறி உட்காருகிறவரை அதைக் கீழே வைக்கவில்லை.

சேர்த்துவிட்டோம், கண்ணு. உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். அந்தத் தென்னந்தோப்புக்காரர் நல்லவராகவே இருக்கலாம், அவருக்குக் காத்திருக்க முடிந்தால் காத்திருக்கட்டும், முடியாவிட்டால் ஊரில் பெண்ணுக்கா பஞ்சம்? இனிமேல் இந்த வீட்டுப் படி ஏறமாட்டேன் என்றாய். அதை நினைத்துப் பஸ்ஸில் வரும்போதெல்லாம் அழுதுகொண்டுதான் வந்தேன், அதையும் உன்னிடம் மறைக்கப் போவதில்லை. பெற்ற வயிறு. ஆனால் அழுதுகொண்டேயும் ஒரு காரியத்தைச் செய்ய முடியும் என்பது உன்னை ஹாஸ்டலில் விட்ட அன்றைக்கே எனக்குப் பழகிப் போனதுதான்.

ஹாஸ்டல் சிஸ்டர் எல்லாம் முடித்துவிட்டு, மாதத்துக்கு ஒரு நாள் பிள்ளையைப் பார்க்க விசிட்டர்களாக யார் யார் வரலாம் என்று கேட்டார்கள். பேர் கொடுத்தவர்களைத் தவிர வேறு யார் வந்தாலும் கேட்டுக்கு உள்ளே விடமாட்டார்களாம். நான், "நானும் அவுங்க அப்பாவும் மட்டுந்தானுங்க" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன், ஆத்திரத்தில்தான் சொன்னேன். சரசு என் கையைத் தொட்டு நிறுத்திவிட்டு, "அண்ணன் பேரும் போட்டுக்குங்க சிஸ்டர்" என்றாள். "அவன்தான் வரமாட்டேன்னு சொல்லிப்போட்டானே, ஏண்டி?" என்று நான் கேட்டதற்கு அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "வராதுன்னு தெரியுமுங்கம்மா. ஒருவேள வந்துச்சுன்னா, பேரில்லீன்னு கேட்டுலயே திருப்பி அனுப்பிப்போடக் கூடாதல்லங்க?"

மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல்.

அம்மா